பாவாயி அக்காவிடம் ஹேண்டிலை ஒப்படைத்தது

போன மாதம் நாமக்கல் லாரி ஸ்டாண்டில் ஒரு கூத்து நடந்தது. ஒரு டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினார், சாவியை டீக்கடைக்காரர் கையில் கொடுத்தார், "மொதலாளி வந்தாருன்னா நான் வேலையை விட்டு நின்னுக்கிட்டேன்னு சொல்லிருங்க" என்றார், பஸ் ஏறிப் போய்விட்டார். முதலாளி வந்ததும், பாவம், டீக்கடைக்காரருக்குத்தான் திட்டு விழுந்தது. பக்கத்து பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, அங்கிருந்த டிரைவர்கள், "உங்க காலத்துல வேலைய உட்டு நிக்கறதுன்னா எப்புடீங்க?" என்று கேட்டார்கள்.

அந்தக் காலத்தில் எல்லாரும் யோக்கியர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பாரத்தோடு வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும். முதலாளியின் மைத்துனியோடு ஓடியவர் ஒருவரையும் தெரியும். ஆனால் நல்லபடியாக விலக வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு ஒரு முறை இருந்தது. அந்த முறைப்படி போய் நான் பட்ட பாடு, ஓடிப்போனவர்கள் பட்டதைவிட அதிகம். அன்றைக்கு டீ ஆறிப்போகும்வரை சொல்லியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் செல்லப்பன். நான் லாரிக்கு வந்த விதத்தில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. பரமத்தி வேலூரில் வாழைத்தார் ஏற்றினேன், பிறகு ஏற்றிய லாரியைக் கழுவினேன், பிறகு ஓட்டினேன். எல்லாரும் வாங்கிய திட்டையும் குட்டையும் நானும் வாங்கினேன். மற்றவர்களிடம் இல்லாத ஒரு வியாதி மட்டும் என்னிடம் இருந்தது. எதைப் பார்த்தாலும் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் சோறு இறங்காது. இந்த வியாதிதான் என்னைக் கடைசியில் லாரியை விட்டே இறக்கியது.

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் நான் ஓட்டியது பாவாயி அக்காவின் லாரி. நாமக்கல்லுக்குத் தெற்கே, பரமத்தி வேலூர் சாலையோரத்தில் அவர் வீடு. கணவர் லாரி வாங்கிய சில வருடங்களிலேயே காய்ச்சலில் போய்விட்டார். வண்டியை விற்றுவிடு என்று சொந்தமெல்லாம் சொன்னது. "ஆம்பளை செத்தா எருமையை விக்கறதில்லையே, லாரிய மட்டும் எதுக்கு விக்கோணும்?" என்று கேட்டு எல்லார் வாயையும் அடைத்துவிட்டார். மழையை நம்பிய கொஞ்சம் புன்செய்க் காடு, அந்த ஒரு லாரி, இவைதான் அவருடைய வருமானம். வேலூர்க் கொடிக்கால்களிலிருந்து வெற்றிலைக் கூடைகளைச் சேலத்துக்கு ஏற்றிப் போவது எங்கள் வேலை. வெற்றிலை என்பது நெல் மூட்டை மாதிரி காத்திருக்காது. நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் வாடிப்போகும், வியாபாரி முகமும் வாடிப்போகும்.

அக்கா ஒருநாளும் லாரியில் ஏறியதில்லை. ஏறமாட்டேன் என்று சபதம் ஒன்றும் இல்லை, தலை சுற்றும் என்றார். ஆனால் லாரி போகும்போதும் வரும்போதும் அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். சூடம் கொளுத்திக் காட்டுவார், தண்ணீர் கொடுப்பார், சும்மா நாலு வார்த்தை பேசுவார். கோபம் வந்தால் கத்தமாட்டார். "சாப்புட்டுப் போ சாமி" என்பார். சாதாரண நாளில் தண்ணீரோடு சரி. சாப்பிடச் சொன்னால் நாம் எங்கோ தப்புச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம். இலையைப் போட்டு, சோற்றைக் குவித்து, எதிரே உட்கார்ந்துகொண்டு, பாதிச் சோறு உள்ளே போனபிறகு மெதுவாக ஆரம்பிப்பார். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு எதிர்த்துப் பேச முடியுமா? அவரிடம் திட்டு வாங்கியே நான் ஒரு சுற்றுப் பெருத்தேன்.

சண்டை வந்ததும் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. கூப்பனுக்குக் கிடைப்பது வாரத்தில் பாதி நாள் ஓடக்கூடக் காணாது. அதனால் ஊரில் எல்லா லாரிக்கும் பஸ்ஸுக்கும் கரி அடுப்பு கட்டினார்கள். கேஸ் பிளாண்ட் என்று பெயர். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பக்கவாட்டில், ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய் நிற்கும். மேலே மூடியைத் திறந்து கரியைக் கொட்ட வேண்டும். கரி என்றால் எந்தக் கரியும் ஆகாது. வேலமரத்துக் கரி, நன்றாகக் காய்ந்தது, கொட்டைப்பாக்கு அளவுக்கு உடைத்தது. தூள் இருந்தால் அடைக்கும், ஈரம் இருந்தால் நீராவி வரும். அடியில் உள்ள ஓட்டையில் எண்ணெய்த் துணியைக் கொளுத்திச் சொருகிவிட்டு, பக்கத்தில் இருக்கும் கைவிசிறியைச் சுற்றச் சுற்ற உள்ளே கரி சிவக்கும். கரியிலிருந்து வரும் வாயு குழாய் வழியாக வடிகட்டிக்குப் போகும். அங்கே தேங்காய் நாரும் துணியும் இருக்கும். அதைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும். வாயு தயாராகிவிட்டதா என்று பார்க்க ஒரு சின்னக் குழாய் உண்டு. அதைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினால், நீலமாக நின்று எரிந்தால் கிளம்பலாம். மஞ்சளாகப் படபடத்தால் இன்னும் விசிறியைச் சுற்று என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு முன்னால் போய் இரும்பு ஹேண்டிலைச் சொருகிச் சுற்றிக் கொஞ்சம் பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பி, மெல்லக் காற்று லீவரை நகர்த்தி வாயுவுக்கு மாற்ற வேண்டும். அக்கா ஒரு பாட்டில் பெட்ரோல்தான் கொடுப்பார். அது கிளப்புவதற்கு மட்டும். வழியில் எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்பப் பெட்ரோல் இருக்காது. அதனால் எங்கே நின்றாலும் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பெட்ரோலில் பறந்த வண்டி, கரியில் முக்கி முனகி ஊர்ந்தது. சேலம் போய்ச் சேரும்போது என் பல் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும்.

மற்ற டிரைவர்கள் அந்த அடுப்பைச் சபித்தார்கள். எனக்கோ அதைப் பார்க்கப் பார்க்க ஆச்சரியம் தீரவில்லை. கரி எரிந்தால் சாம்பல் ஆகிறது. அந்தச் சாம்பலுக்கும் நெருப்புக்கும் நடுவில் இத்தனை பாரத்தை இழுக்கிற ஒன்று எங்கிருந்து வருகிறது? சேலத்தில் இந்தப் பிளாண்டுகளைச் செய்து மாட்டுகிற பட்டறை ஒன்று இருந்தது. பாரம் இறக்கும் நேரத்தில் அங்கே போய் நின்றுவிடுவேன். பட்டறை மேஸ்திரி கடுகடுப்பான மனிதர். முதலில் விரட்டினார். பிறகு ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார், அதிலிருந்து நான் இன்னொரு கேள்வியைப் பிடித்தேன். ஒருநாள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, "ஏய்யா, நீ லாரி ஓட்டறவனா, கேள்வி கேக்கறவனா? ஆடிப் பண்டிகைக்குள்ள இங்க வேலைக்கு வந்துரு. இல்லைன்னா வேற ஆளை வெச்சுக்குவேன். அப்புறம் இந்தப் பக்கமே வராதே" என்றார்.

அன்று சேலத்திலிருந்து திரும்பும்போது ரோடே என் கண்ணில் படவில்லை. போக வேண்டும் என்று மனம் குதித்தது. பாவாயி அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இப்போது அந்த முறையைச் சொல்கிறேன். எங்கள் சாலையில் ஒற்றை லாரி வைத்திருந்த முதலாளிகள் எல்லாரும் கடைப்பிடித்தது இது. விலகுகிற டிரைவர்தான் அடுத்த ஆளைக் கொண்டுவர வேண்டும். அவருக்கு வண்டியைப் பற்றி எல்லாம் சொல்லிக்கொடுக்கலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும். அப்புறம் ஒரு நடை, முழுப் பாரத்தோடு, வேலூரிலிருந்து சேலம் வரை புதியவர் ஓட்ட வேண்டும். பழையவர் பக்கத்தில் உட்கார வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது. வாய்மூடி நடை என்று அதற்குப் பெயர். ஒரு வார்த்தை சொன்னாலும் அந்த நடை கணக்கில் வராது. நல்லபடியாகப் போய்த் திரும்பினால், பழையவர் முதலாளி கையில் ஹேண்டிலைக் கொடுப்பார், முதலாளி அதைப் புதியவர் கையில் கொடுப்பார். அதோடு சரி. ஹேண்டிலை ஒப்படைக்காமல் போனவனுக்கு ஓடிப்போனவன் என்று பெயர் விழுந்துவிடும். கரூரிலிருந்து சேலம் வரை ஒரு பட்டறையும் அவனை உள்ளே விடாது.

அக்காவிடம் சொன்னேன்.

"அந்த அடுப்புல அப்புடி என்ன சாமி இருக்குது?"

"அது தெரியாமத்தாங்க்கா போறேன்."

"தெரிஞ்சுட்டா வந்துருவியா?"

நான் துண்டை உதறி மடித்தேன். "செரி, ஆளைக் கூட்டிட்டு வா" என்றார். பிறகு, "சாப்புட்டுப் போ" என்றார்.

முதலில் கூட்டிவந்த ஆள் ஒரு பஸ் டிரைவர். கைவிசிறியைச் சுற்றிக் கை வலித்ததும், "இது வண்டி இல்லீங்க, அடுப்பு. எனக்கு அடுப்படி வேலை வேண்டாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்துக் கிடைத்தவர் மாணிக்கம். ஆத்தூர்க்காரர், என் வயதுதான் இருக்கும். அங்கே அரிசி ஆலை லாரி ஓட்டியவர். எங்கள் பக்கத்து "வாரேனுங்க, போறேனுங்க" பேச்சைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வரும், அவர் பேச்சைக் கேட்டு எங்களுக்கு. ஆனால் வேலைக்காரர். பிரேக்கைக்கூட வலிக்காமல் மிதிப்பார். ஒரு சொட்டு எண்ணெய் வீணாகக் கூடாது என்று பழைய முதலாளி பழக்கிவிட்டிருந்தார். கரி உடைப்பது, நார் மாற்றுவது, லீவர் நகர்த்துவது எல்லாவற்றையும் ஒருமுறை காட்டினால் போதும். எனக்கு மனசு நிறைந்தது. இவரைவிட நல்ல ஆள் அக்காவுக்குக் கிடைக்காது என்று நினைத்தேன்.

வாய்மூடி நடைக்கு நாள் குறித்தோம். வேலூரில் கூடைகளை ஏற்றி, அக்கா வீட்டு வாசலில் நின்று சூடம் காட்டிக்கொண்டு, நாமக்கல் தாண்டிப் போனோம். வடக்கே ஒரு தரைப்பாலம் வரும். குறுகலான பாலம். சந்தை நாளில் மாட்டு வண்டிகள் வரிசையாக எதிரே வரும். அவை தாண்டும்வரை லாரி காத்திருக்க வேண்டும். பாலத்தைத் தாண்டியதும் நீளமாக ஒரு மேடு. கழுதைமேடு என்போம். மாணிக்கம் பாலத்தின் இந்தப்பக்கம் அழகாக ஓரங்கட்டி நின்றார், எஞ்சின் பூனை மாதிரி அமைதியாக ஓடியது. நல்ல டிரைவர் என்று மறுபடி ஒருமுறை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். வண்டிகள் போயின. பாலம் தாண்டினார். மேட்டில் பாதி ஏறியதும் எஞ்சின் இருமியது, திணறியது, நின்றுவிட்டது.

சக்கரத்துக்குக் கல் வைத்தோம். விசிறியைச் சுற்றினோம். பாட்டிலில் பெட்ரோல் இல்லை. மாட்டு வண்டிக்காரர் ஒருவர் நின்று, "ஏனுங்க, மாட்டைப் பூட்டட்டுங்களா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். கடைசியில் அவர் மாட்டையும் இன்னொருவர் மாட்டையும் பூட்டித்தான் லாரி மேட்டின் உச்சிக்கு ஏறியது. அங்கிருந்து இறக்கத்தில் உருட்டிக் கிளப்பி, நானே ஓட்டிக்கொண்டு போனேன். சேலத்தில் வெற்றிலை பாதி சோர்ந்து கிடந்தது.

இரண்டாவது நடையிலும் அதே தரைப்பாலம், அதே மேடு, பாதியில் அதே இருமல். மாடு பூட்டி ஏற்றினோம். உச்சியிலிருந்து நான் வாங்கி ஓட்டினேன், வண்டி சமத்தாகப் போனது. மறுநாள் தனியாக நானே ஓட்டிப் பார்த்தேன். அதே கரி, அதே பாரம், பாலத்தில் அதே காத்திருப்பு. கழுதைமேடு ஒன்றுமே இல்லை, விறுவிறுவென்று ஏறியது.

பேச்சு கிளம்பிவிட்டது. வேலூரில் கூடை ஏற்றுகிற இடத்தில் என் காதுபடவே பேசினார்கள். செல்லப்பன் சூட்சுமத்தை மறைக்கிறான், புதியவன் தோற்றால் கூலியை ஏற்றிக் கேட்கப் போகிறான், பிளாண்டில் ஏதோ வைத்திருக்கிறான், வாய்மூடி நடை அவனுக்கு நல்ல சாக்கு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருவனோடு கைகலப்பு வரை போய்விட்டேன். பிறர் பேசியதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் நார் அலசிக்கொண்டிருந்தபோது மாணிக்கமே கேட்டார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. எங்கிட்ட எதையாச்சும் சொல்லாம வெச்சிருக்கீங்களா?"

"மாணிக்கம், சத்தியமா இல்லை."

"அப்ப என் கையில ஏண்ணே ஓடமாட்டேங்குது?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அழுகிற குரலில் கேட்டார். ஆத்தூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, வீட்டைக் காலி செய்துகொண்டு வந்தவர் அவர். இங்கே வண்டி கிடைக்காவிட்டால் திரும்பிப் போக அங்கேயும் வண்டி இல்லை. எனக்கோ ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த அவமானத்துக்கு நடுவிலும் எனக்கு உள்ளுக்குள் குறுகுறுப்பு அடங்கவில்லை. ஒரே வண்டி, ஒரே கரி, ஒரே மேடு. நான் செய்து, அவர் செய்யாதது ஒன்று இருக்கிறது. அது எனக்கே தெரியவில்லை. என் கையை நானே வேவு பார்த்தேன். மாணிக்கத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் ஓட்டும்போது என் கையைப் பார்க்கச் சொன்னேன். கண் கொட்டாமல் பார்த்தார். கியர் மாற்றுவது, லீவர் நகர்த்துவது, ஸ்டியரிங் பிடிப்பது எல்லாம் அவர் செய்வது போலத்தான். கரியைக் குவித்துப் போட்டேன், தளர்த்திப் போட்டேன், வடிகட்டியைத் தினம் அலசினேன். மேஸ்திரியிடம் கேட்டால், "கரி ஈரம்" என்றார். ஈரமில்லை என்றேன். "அப்ப டிரைவர் ஈரம்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆடிப் பண்டிகைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒருநாள் காலை நான் ஓட்டிவந்து அக்கா வீட்டு வாசலில் நின்றேன். மாணிக்கம் பக்கத்து சீட்டில் இருந்தார். அக்கா சூடத் தட்டோடு வந்தார். ஆனால் சூடம் கொளுத்தவில்லை. தட்டை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"செல்லப்பா, உன்ற காலைக் கொஞ்ச நேரம் சும்மா வெய்யி."

"காலுங்களா? கால் சும்மாத்தாங்க்கா இருக்குது."

"எங்கெ இருக்குது? குனிஞ்சு பாரு."

குனிந்து பார்த்தேன். என் வலது கால் ஆக்ஸிலேட்டரின் மேல் தட்டிக்கொண்டிருந்தது. விட்டு விட்டு, தாளம் போடுகிற மாதிரி. அதை நான் செய்யவில்லை, அதுவாகச் செய்துகொண்டிருந்தது. மாணிக்கமும் எட்டிப் பார்த்தார். அத்தனை நாளும் இரண்டு பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கால் இருட்டில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

இளவட்டமாக இருந்தபோது எங்கள் ஊர்க் கோயில் நோன்பித் திருவிழாவில் நான் ஒயிலாட்டம் ஆடுகிறவன். ஆட்டத்தை விட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கால் விடவில்லை போலிருக்கிறது.

"இப்ப அதை எடு" என்றார் அக்கா. காலை எடுத்தேன். எஞ்சின் சத்தம் தணிந்து, மாணிக்கம் நிறுத்துவாரே, அந்தப் பூனைச் சத்தத்துக்கு வந்தது.

"நீ நின்னா வண்டி முழிச்சுட்டு நிக்குது. இந்தத் தம்பி நின்னா வண்டி தூங்கிப் போவுது. அடுப்ப ஊதாம உட்டா கரி சாம்பல் மூடிக்காதா? அந்தப் பாலத்துல தூங்க உட்டுட்டு, எந்திரிச்ச ஒடனே மேடு ஏறுன்னா எப்புடி ஏறும்?"

நான் கீழே குதித்து ஓடினேன். சின்னக் குழாயைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினேன். மஞ்சளாக, சோகை பிடித்த மாதிரி ஒரு சுடர் எரிந்து அணைந்தது. "மாணிக்கம், மிதி! தட்டித் தட்டி மிதி!" என்று கத்தினேன். மிதித்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கொளுத்தினேன். நீலமாக நின்றது. காலை எடுக்கச் சொன்னேன், மஞ்சள். மிதிக்கச் சொன்னேன், நீலம். எஞ்சின் இழுத்தால்தான் பீப்பாய்க்குள் காற்றுப் போகிறது, காற்றுப் போனால்தான் கரி கனல்கிறது! தீப்பெட்டி காலியாகும்வரை அதையே செய்துகொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. "இந்தப் பைத்தியத்தைக் கூட்டிட்டுப் போயி வெத்தலைய எறக்குங்க தம்பி" என்று அக்கா மாணிக்கத்திடம் சொன்னார்.

பாவம் மாணிக்கம். அவருடைய நல்ல பழக்கமே அவரைக் கவிழ்த்திருக்கிறது. நிற்கிற வண்டியில் எண்ணெயை வீணாக்காதே என்று பழகிய காலை, வீணாக்கு என்று பழக்க வேண்டியிருந்தது. "பழைய மொதலாளி பார்த்தார்னா என்னை உதைப்பாருண்ணே" என்று சொல்லிக்கொண்டே தட்டிப் பழகினார்.

மூன்றாவது நடையும் சந்தை நாளில்தான் அமைந்தது. தரைப்பாலத்தில் எதிரே மாட்டு வண்டி வரிசை கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நின்றது. மாணிக்கம் ஓரங்கட்டினார். எஞ்சின் தணிந்தது. நான் துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன். அவர் ஒரு வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார், மாட்டின் கொம்புக்கு என்ன வர்ணம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். என் கால் வெறும் பலகையில் தட்டித் தட்டிப் பார்க்கிறது, அதனால் யாருக்கு என்ன பயன்? இன்னும் கொஞ்ச நேரம் போனால் துண்டையும் மீறிக் கத்தியிருப்பேன். அதற்குள் அவர் பேச்சை நிறுத்தி, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு அவர் கால் வேலையை ஆரம்பித்தது. எஞ்சின் விழித்துக்கொண்டது. பாலம் தாண்டி, கழுதைமேட்டில் முனகிக்கொண்டே ஏறி, உச்சியை எட்டியதும் மாணிக்கம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயில் துண்டோடு தலையை ஆட்டினேன். சேலத்தில் வெற்றிலையைத் தொட்டுப் பார்த்த வியாபாரி ஒன்றும் சொல்லவில்லை. குறை சொல்லாவிட்டால் அவரிடம் அதுதான் பாராட்டு.

திரும்பி வந்து அக்கா வீட்டு வாசலில் நின்றோம். நான் ஹேண்டிலைத் துடைத்து இரண்டு கையாலும் அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, மாணிக்கத்திடம் கொடுத்தார். எனக்கு ஒரு புது வேட்டி கொடுத்தார். மாணிக்கம் வண்டியில் கரி நிரப்பப் போனார். என்னை நாமக்கல் வரை கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. வாசலில் நானும் அக்காவும் மட்டும் நின்றோம்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும் சாமி" என்றார். "அந்தக் கால் விசயம் எனக்கு மொத நடையிலயே தெரியும்."

எனக்குப் புரியவில்லை. "எப்புடீங்க்கா?"

"இத்தன வருசமா இந்த வாசல்ல நின்னு அந்தச் சத்தத்தக் கேட்டுட்டுத்தான இருக்கறேன்? அந்தத் தம்பி நிறுத்துன அன்னைக்கே சத்தம் வேற மாதிரி இருந்துச்சு. வண்டி மேட்டுல நின்னு போச்சுன்னு ஆளு வந்து சொன்னப்பவே இது அதுதான்னு பட்டுருச்சு."

"அப்புறம் ஏனுங்க்கா சொல்லலை?"

"சொன்னா நீ போயிருவ."

ஊரெல்லாம் என்னைச் சூதுக்காரன் என்று பேசிய நாட்கள், தூக்கமில்லாமல் புரண்டது, மாணிக்கத்தின் அழுகைக் குரல் எல்லாம் ஒன்றாக வந்து மோதின.

"அப்ப அன்னைக்குக் காலைப் பத்தியும் சொல்லாமயே இருந்திருக்கலாமில்லீங்க?"

"இருந்திருப்பேன். அதுக்கு மொத நாள் ஒரு வெத்தலைக்காரன் இதே எடத்துல நின்னு, செல்லப்பன் உங்களுக்குத் துரோகம் பண்றான், கண்டுக்காம இருக்கறீங்களேன்னு எங்கிட்டயே சொன்னான். மறைக்கறவ நானு, பேரு உனக்கு. அதுக்கு மேல எனக்குப் பொறுக்கலை." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கோவமா சாமி?"

"ஆமாங்க்கா" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. நிஜமாகவே கோபம் வந்திருந்தது. அதோடு இன்னொன்றும் வந்திருந்தது. அதற்கு அப்போது எனக்குப் பெயர் தெரியவில்லை.

அக்கா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. "செரி, இருக்கட்டும்" என்றார். "கோவத்தோடயே போயிட்டு வா. சண்டை போடறதுக்காவது திரும்பி வருவீல்ல."

ஆடிக்குள் பட்டறையில் சேர்ந்தேன். தீபாவளிக்கு மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். வயிறாரச் சாப்பிட்டு, மனதாரச் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.